திண்டுக்கல்லில் பகடை உருட்டும் தம்பி தங்கைகளுக்கு



ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரிகிற மாடியில் உட்கார்ந்துகொண்டு, வாட்டர்டீப் என்ற கற்பனை நகரத்துச் சாக்கடைக்குள் எலி வேட்டைக்குப் போகிறீர்கள். என் மனத்தாங்கல் இதுதான். முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நிதானமாகப் பேசலாம்.

உங்களில் சிலர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்துவிட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் பக்கம் வந்தவர்கள். சிலர் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாடி முடித்த பிறகு, கம்ப்யூட்டரே இல்லாமல் நாலு பேர் உட்கார்ந்து பேசியே இதை ஆடலாம் என்று தெரிந்துகொண்டவர்கள். கோவையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஊருக்கு வந்து, ஞாயிறு மத்தியானம் பிரியாணி முடிந்ததும் பாய் விரிக்கிறீர்கள். போனை ஓரமாக வைத்துவிட்டு நாலு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிற கூட்டத்தை இந்தக் காலத்தில் எங்கே போய்த் தேடுவது? அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஆனால் உங்கள் பேச்சை நீங்களே ஒருநாள் ரெக்கார்டு செய்து கேளுங்கள். "டேய் மாப்ள, கதவத் தொறக்காதடா, உள்ள என்னமோ கெடக்கு" என்று நீங்கள் பதறும்போது அது தமிழ். உங்கள் வீரன் வாயைத் திறந்து எதிரியிடம் பேச ஆரம்பித்ததும் அது இங்கிலீஷ், அதுவும் படத்தில் கேட்ட லண்டன் உச்சரிப்பில். பயப்படுவது நம்ம ஊர் ஆள், வாளை உருவுவது வேறு ஊர் ஆள். மேசையைச் சுற்றி இருக்கிற ஆறு பேரும் திண்டுக்கல்காரர்கள். அவர்கள் உருவாக்கிய ஆறு பேரில் ஒருத்தரும் திண்டுக்கல்லைக் கேள்விப்பட்டதில்லை.

அந்நிய ஆட்டம் ஆகாது என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டவர்கள் நாம். நான் சொல்வது இந்த ஆட்டத்தை உண்டாக்கிய மூத்த மனிதரே சொன்னதுதான். கேரி கைகாக்ஸ் பெயர் உங்களுக்குத் தெரியும். அவர் 1974இல் வெளியிட்ட முதல் பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் மூன்றாவதை உங்களில் எத்தனை பேர் கடைசிப் பக்கம்வரை படித்திருப்பீர்கள்? சந்தேகம் வந்தால் எங்களைக் கேளுங்கள், பதில் தருகிறோம் என்று அதில் சொல்லிவிட்டு, அதைவிட நல்லது உங்களுக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படி நீங்களே முடிவு செய்து அமைத்துக்கொள்வது என்கிறார். உங்களுக்காக நாங்கள் ஏன் கற்பனை செய்ய வேண்டும் என்று கேட்டு முடிக்கிறார். பொருளை விற்கிறவர் வாங்குகிறவரைப் பார்த்து இப்படிக் கேட்பது அபூர்வம்.

இதைக் கேட்டவர் பெரிய பதிப்பகத்துக்காரர் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரை ஓரமாக இருக்கும் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். இன்சூரன்ஸ் கம்பெனி வேலை 1970இல் போன பிறகு, வீட்டின் அடித்தளத்தில் செருப்பு தைத்துக் குடும்பம் நடத்தியவர். தோல் ஷாப்புகள் நிறைந்த ஊரில் பிறந்த உங்களுக்கு அந்த வாசனையை நான் விளக்க வேண்டியதில்லை. முதல் அச்சு 1,000 பெட்டிகள். வீட்டிலேயே கையால் அடுக்கி, கையால் மூடினார்கள். அவை தீர ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

அவருடைய கற்பனைக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது? 1979இல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' புத்தகத்தின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. அதில் ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ், லவ்கிராஃப்ட் என்று நீளமாக ஒரு பட்டியல் தருகிறார். பெரும்பாலும் மட்டமான தாளில் அச்சான சாகசப் பத்திரிகைகளில் எழுதியவர்கள். பட்டியலுக்கு முன்பே, தான் சிறுவனாக இருந்தபோது அப்பா சொன்ன கதைகளுக்கு நன்றி சொல்கிறார்: போர்வை போர்த்திய கிழவர்கள், வரம் தருகிறவர்கள், மந்திர மோதிரங்கள். அப்பா சொன்ன கதையும் சில்லறைக் காசுக்கு வாங்கிப் படித்த பத்திரிகையும் சேர்ந்ததுதான் நீங்கள் தலைமேல் வைத்து ஆடும் உலகம்.

உங்கள் வீட்டில் அது இல்லையா? அம்புலிமாமாவில் முருங்கை மரத்தில் தொங்கிய வேதாளத்தை ஓவியர் சங்கர் வரைந்த படத்தோடு பார்த்து வளர்ந்த அப்பாக்கள் உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறார்கள். விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் பாட்டி வாயால் கேட்டவர்கள் இருக்கிறார்கள். முத்து காமிக்ஸைப் பைண்டு செய்து பரணில் போட்டிருக்கிற மாமாக்கள் இருக்கிறார்கள். திருவிழாவில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்கள், பொன்னர் சங்கர் கதையைக் கேட்டுக் கண்கலங்கியவர்கள் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் பின்னிணைப்பு அங்கேதான் இருக்கிறது.

கைகாக்ஸைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் சொல்லவில்லை. அவருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். 1974இல் 'நீங்களே கற்பனை செய்யுங்கள்' என்றவர், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தன் விதிகளை எல்லா மேசையிலும் ஒரே மாதிரி ஆட வேண்டும், மாற்றினால் அது இந்த ஆட்டமே இல்லை என்று பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் பாதி உயிர் டேவ் ஆர்னசனுடையது. 'பிளாக்மூர்' என்ற உலகத்தை அவர் அதற்கு முன்பே மினியாபோலிஸ் பக்கம் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தார். அவர் 1979இல் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டார். 1981இல் சமரசம் ஆயிற்று. 1985இல் கைகாக்ஸே தன் கம்பெனியின் பிடியை இழந்தார். தான் செய்த பூட்டுக்கு இன்னொருவர் சாவி வைத்திருப்பதைப் பார்க்க வேண்டி வந்தது. கைகாக்ஸுக்குள் இருந்த அந்த இருவரில் நீங்கள் கேட்க வேண்டியது முதலாமவரை.

இரண்டாமவரிடம் இன்னொரு கோளாறும் இருந்தது. இதை விட்டுவிட்டுப் போக மாட்டேன், ஏனென்றால் நம் ஊரில் இது வெறும் விளையாட்டு விஷயம் இல்லை. அவருடைய பழைய விதிகளில், ஒருவர் எந்த 'ரேஸில்' பிறந்தார் என்பதை வைத்து அவர் எவ்வளவு உயரலாம் என்று கோடு போட்டிருக்கும். மனிதன் பெரும்பாலான தொழில்களில் எல்லையில்லாமல் ஏறலாம். குள்ளனும் எல்ஃபும் பல தொழில்களில் இந்தப் படிக்கு மேல் ஏறக்கூடாது, சில தொழில்களில் நுழையவே கூடாது. 1978 புத்தகத்தில் மனிதப் பெண் பாத்திரத்தின் பலத்துக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு. ஓர்க் என்றால் பிறப்பிலேயே தீயவன், வெட்டினால் பாவமில்லை. பிறப்பைப் பார்த்துத் தொழிலையும் குணத்தையும் உயரத்தையும் நிர்ணயிக்கிற ஏற்பாடு எது என்று டீக்கடை டம்ளரிலும் ஊர்க் கிணற்றிலும் பார்த்த பரம்பரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்த விதிகளை உண்டாக்கிய நாட்டிலேயே இப்போது அவை தேய்ந்துவிட்டன. இன்று ஆட்டத்தை வெளியிடுகிற விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2020இல் ஓர்க்குகளையும் டிரவ் என்ற கருநிற எல்ஃப்களையும் இப்படிக் காட்டியது சரியல்ல என்று சொல்லிற்று. 2024 புத்தகத்தில் 'ரேஸ்' என்ற தலைப்பே போய்விட்டது. திறமைக் கூடுதல் பிறப்பிலிருந்து வராமல், வளர்ந்த சூழலிலிருந்து வருகிறது. அங்கே தூக்கிப் போட்டதை இங்கே நீங்கள் எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

நம்மை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சொல்கிறேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் ராட்சசன் 1975இலேயே வந்துவிட்டான். 1977 'மான்ஸ்டர் மேனுவலில்' புலித்தலையோடு, மேல்நாட்டு உடுப்பில், கையில் புகைக்குழாயோடு உட்கார்ந்திருக்கிறான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் செத்துவிடுவான். நம் ராமாயணத்தில் எந்த ராட்சசனுக்கு ஐயா குறுக்குவில்? 1974இல் அமெரிக்க டெலிவிஷனில் ஓடிய 'கோல்ச்சாக்' என்ற பேய்த் தொடரின் ஒரு பாகத்தில் ராட்சசனை அப்படித்தான் கொன்றார்கள். 1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' புத்தகம் இன்னும் ஒரு படி மேலே. ஜேம்ஸ் வார்டும் ராபர்ட் குன்ட்ஸும் எழுதியது. இந்திரன், அக்னி, காளி எல்லாருக்கும் எவ்வளவு அடி தாங்குவார்கள் என்று ஹிட் பாயிண்ட் உண்டு. கார்த்திகேயனும் இருக்கிறார், அரைத்தெய்வம் என்ற தகுதியில். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கூட்டத்துக்கு மோர்ப்பந்தல் போட்ட வீட்டுப் பிள்ளைகள் நீங்கள். முருகனுக்கு எத்தனை ஹிட் பாயிண்ட் என்று அந்தக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்களேன்.

கோபப்பட்டு ஆவதில்லை. அவர்களுக்குக் கிடைத்ததை வைத்து அவர்கள் எழுதினார்கள். நாம் எழுதாத இடத்தில்தான் அந்தப் புகைக்குழாய் ராட்சசன் வந்து உட்கார்ந்தான். எழுதியவர்களும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் சாந்தி பவன் பள்ளியின் நிர்வாகத்தில் உள்ள அஜித் ஜார்ஜ், 2021இல் விசார்ட்ஸ் நிறுவனத்தின் திகில் புத்தகத்தில் கலகேரி என்று இந்தியச் சாயலில் ஒரு நாட்டை எழுதினார். 2022இல் 'ஜர்னிஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பை முன்னின்று கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். 13 சாகசங்கள், எழுதியவர் எல்லாரும் வெள்ளையர் அல்லாதவர்கள். அதில் மிமி மொண்டல் வங்காளத்துச் சாயலில் ஒன்று எழுதியிருக்கிறார். நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது இங்கிலீஷில், உலகச் சந்தைக்கு எழுதியது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மார்க்கெட்டில் பேரம் எப்படி நடக்கும் என்று அவர்கள் எழுத முடியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

பழைய ஆட்டத்தை உண்டாக்கிய கிழவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், மூன்றைச் சொல்வேன்.

ஒன்று, மதிப்பெண். பழைய ஆட்டத்தில் அனுபவப் புள்ளியில் பெரும்பங்கு எதிரியைக் கொன்றதற்குக் கிடைக்காது. புதையலைப் பத்திரமாக வெளியே கொண்டு வந்ததற்குத்தான் கிடைக்கும். அதனால் கெட்டிக்கார ஆட்டக்காரன் சண்டையைத் தவிர்ப்பான், ஏமாற்றுவான், லஞ்சம் கொடுப்பான், பின்வாசல் தேடுவான். எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அதைச் சுற்றித்தான் ஆட்டம் வளரும். நம் ஊர் ஆட்டத்தில் எதற்குப் புள்ளி? நான் சொன்னால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டு வந்ததற்கு. நீங்கள் வேறு சொல்லலாம்.

இரண்டு, நாள்கணக்கு. நேரத்தைக் கறாராகக் குறித்து வைக்காவிட்டால் ஆட்டத்துக்கு அர்த்தமில்லை என்று கைகாக்ஸ் பெரிய எழுத்தில் அச்சடித்தே வைத்தார். விளக்கில் எண்ணெய் எத்தனை நாழிகை எரியும், சோற்று மூட்டை எத்தனை நாள் வரும், சுமை எவ்வளவு, எல்லாவற்றுக்கும் கணக்கு. இன்றைக்குப் பல மேசைகளில் இதைச் சலிப்பென்று விட்டுவிடுகிறார்கள். திண்டுக்கல் சமவெளியில் இதை விட்டால் ஆட்டமே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் பெய்ததை வைத்துப் பங்குனி சித்திரையைக் கடக்க வேண்டிய மண் இது. குடகனாறு மணலாகக் கிடக்கும் மாதத்தில் ஆறு பேர் வேடசந்தூரிலிருந்து நத்தத்துக்கு நடந்து போக வேண்டும் என்று வையுங்கள். எந்த டிராகனும் வேண்டாம், தண்ணீர்க் குடமே போதும் நெஞ்சு படபடக்க.

மூன்று, எதிர்ப்படுகிற யாரும் உடனே எதிரி இல்லை. பழைய விதியில் வழியில் ஒன்றைச் சந்தித்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று முதலில் பகடை உருட்ட வேண்டும். பேசலாம், விலகிப் போகலாம், சில நேரம் உதவிகூடச் செய்யும். நீங்கள் இப்போது எடுத்த எடுப்பில் சண்டைக்கு "இனிஷியேட்டிவ் போடு" என்கிறீர்கள்.

இனி பகடைக்கு வருகிறேன். இருபது முகப் பகடைக்காக ஆன்லைனில் ஆர்டர் போட்டு ஒரு வாரம் காத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சாமி அறை மாடத்திலோ பாட்டி டிரங்குப் பெட்டியிலோ பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி கிடக்கும். எடுத்துத் துடையுங்கள். ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். மூன்று விழுவதற்கு நாலு வழி. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று. தாயம் என்கிற ஒன்றுக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கு ஒன்றே ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழிதான். இருபது முகப் பகடையில் ஒன்றும் இருபதும் பத்தும் ஒரே வாய்ப்புதான். அங்கே எல்லாம் சமமாகச் சிதறும். தாயக்கட்டையில் நடுவில் குவிந்து ஓரத்தில் மெலியும். சாதாரணமானது அடிக்கடி நடக்கும், அதிசயம் எப்போதாவதுதான் நடக்கும்.

இதை அப்படியே விதியாக்கலாம். எளிய காரியத்துக்கு மூன்றும் அதற்கு மேலும் கேளுங்கள், பதினாறில் பதினொன்று. கஷ்டமானதுக்கு நாலு, பதினாறில் ஏழு. உயிரைப் பணயம் வைக்கிற காரியத்துக்கு ஐந்து, பதினாறில் நாலு. தாயம் தொகையில் சின்னதுதான், ஆனால் நம் ஆட்டத்தில் தாயம் விழாமல் காயே இறங்காது. அந்த மரியாதையைக் காப்பாற்றுங்கள். தாயம் விழுந்தால் காரியம் தவறினாலும், எப்படித் தவறியது என்று கதையைச் சொல்லும் உரிமை ஆட்டம் நடத்துபவரிடமிருந்து உருட்டியவர் கைக்கு மாறட்டும். இன்னொரு உருட்டும் உண்டு, வழக்கம்போல. தாயக்கட்டை இல்லாத வீட்டில் சோழி இருக்கும். சோழியும் இல்லையென்றால் புளியங்கொட்டையைத் தரையில் ஒரு பக்கம் தேய்த்தால் வெள்ளை வந்துவிடும். இது ஒன்றும் தரக்குறைவு இல்லை. 1979இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டியிலேயே எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளைப் போட்டு, குவளையில் குலுக்கி எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் விற்றார்கள்.

அடுத்தது சுரங்கமும் பொறியும். 1975இல் ஒரு போட்டிக்காக கைகாக்ஸ் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறைச் சாகசத்தைக் கொண்டு வந்தார். தங்கள் வீரனை எதனாலும் வீழ்த்த முடியாது என்று மார்தட்டிய ஆட்டக்காரர்களின் கொட்டத்தை அடக்கத்தான் அது. பூதங்கள் சொற்பம், பொறிகள் ஏராளம். யோசிக்காமல் கை வைத்தவன் செத்தான். இப்போது உங்கள் ஊரைப் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு யாருடையது? மாங்காய்ப் பூட்டு, மணியடிக்கும் பூட்டு, சாவி இருந்தாலும் சூட்சுமம் தெரியாதவன் திறக்க முடியாத தந்திரப் பூட்டு என்று கையாலேயே அரம் போட்டுச் செய்கிற பட்டறைக்காரர்களில் மிஞ்சியவர்கள் சிலரே. அவர்களிடம் போய் நின்று, இந்தப் பூட்டை எப்படி ஏமாற்றலாம், இது நம்மை எப்படி ஏமாற்றும் என்று கேளுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். திரும்பி வரும்போது ஒரு கல்லறைக்கு வேண்டிய அத்தனை கதவும் உங்கள் நோட்டில் இருக்கும்.

இடமோ கேட்கவே வேண்டாம். நாயக்கர் காலத்தில் எழுந்து, மைசூர்க்காரர் கைக்கும் கம்பெனிக்காரர் கைக்கும் மாறிய கோட்டை. உச்சியில் மூலவர் இல்லாத கருவறை. கீழே பேகம்பூரில் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம். சஞ்சீவி மலையின் துண்டு என்று சொல்லப்படும் சிறுமலை, அங்கே இன்றும் எலுமிச்சையும் வாழையும் பொதி சுமக்கும் குதிரைகள். மலைவாழையை முடிக்கொத்து நோய் அழித்த கதையை ஒரு சாபமாக வைத்து யோசித்துப் பாருங்கள். 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், ஒட்டன்சத்திரம் தாண்டி இருக்கும் விருப்பாச்சியில் பாளையக்காரர் கோபால் நாயக்கரின் பாதுகாப்பில் இருந்து, ஹைதரிடம் படை உதவி கேட்டு, 1780இல் சிவகங்கையை மீட்டார். விருப்பாச்சியிலிருந்து திண்டுக்கல் கோட்டைக்கு ஒரு மடலை உயிரோடு கொண்டு சேர்க்க வேண்டும். ஆறு பேர், இரண்டு ராத்திரி, வழியெல்லாம் ஆற்காட்டு நவாபின் ஆட்கள். உங்களுக்கு இன்னும் வாட்டர்டீப் எலிதான் வேண்டுமா?

ஒரு எச்சரிக்கை. நிஜப் பெயர்களை அப்படியே மேசைக்குக் கொண்டு வராதீர்கள். 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்ட கோபால் நாயக்கர் முதல் எல்லாருக்கும் இன்று போஸ்டர் ஒட்ட ஆள் இருக்கிறது, அந்தப் போஸ்டர்களில் சாதியும் இருக்கிறது. யார் யாரைக் காட்டிக் கொடுத்தது என்று உங்கள் கதையில் ஒரு திருப்பம் வைத்தால், அது ஞாயிற்றுக்கிழமைச் சண்டையாக முடியும். கற்பனை உலகம் எதற்கு இருக்கிறது? சாயலை எடுத்துக்கொண்டு பெயரை மாற்றுங்கள், மலையை இரண்டு மடங்கு உயர்த்துங்கள், குதிரைகளுக்குப் பேச்சு கொடுங்கள். கேரக்டர் ஷீட்டில் சாதிக்கு ஒரு கட்டம் போடாதீர்கள். அதற்காக உங்கள் உலகத்தில் அது இல்லவே இல்லை என்று பூசி மெழுகவும் வேண்டாம். ஒரே கிணற்றில் இரண்டு கயிறு தொங்குகிற ஊருக்குள் உங்கள் ஆறு பேரும் தாகத்தோடு நுழையட்டும். என்ன செய்கிறார்கள் பார்ப்போம். சாமிகளையும் எண்ணில் அடைக்காதீர்கள். அய்யனாரும் கருப்பனும் எல்லையில் நிற்கிறவர்கள், உங்கள் வாளுக்கு எதிரே நிற்கிறவர்கள் இல்லை.

வீட்டில் எதிர்ப்பு வரும், தெரியும். பகடை என்றாலே சகுனி ஞாபகம். ஆன்லைன் ரம்மியில் காசைத் தொலைத்த குடும்பங்களைப் பார்த்த அம்மாக்களின் பயம் நியாயமானது. அமெரிக்காவில் 1980களில் இந்த ஆட்டம் பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டு போகிறது என்றே பிரசாரம் நடந்தது. வாதாட வேண்டாம். கூடத்தில் உட்கார்ந்து, அம்மா காதில் விழுகிற மாதிரி தமிழில் ஆடுங்கள். அரை மணி நேரத்தில் "அந்தக் கதவத் தொறக்கச் சொல்லுடா" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

சட்டம் குறுக்கே வருமா என்று கேட்பீர்கள். 2023 ஜனவரியில் விசார்ட்ஸ் நிறுவனம், விதிகளைப் பிறரும் எடுத்தாள அனுமதித்த பழைய திறந்த உரிமத்தைத் திருத்தப் பார்த்தது. உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். திரும்பப் பெற முடியாத உரிமம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷில் அவர்களே தந்துவிட்டார்கள். தமிழில் தர அவர்களுக்குத் தோன்றாது, தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் ஆறு பேரில் யாராவது ஒருவருக்குக் கணக்கும் வரும், தமிழும் வரும்.

எழுதுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஆர்னசன் கதைதான் காரணம். அவரிடம் ஓர் உலகமே இருந்தது, ஆனால் அவர் எழுதிக் கொடுத்தது சுமார் இருபது பக்கக் குறிப்பு. அதை உட்கார்ந்து புத்தகமாக்கியவர் கைகாக்ஸ். உலகம் கைகாக்ஸ் பெயரைச் சொல்கிறது. ஞாயிறு மத்தியானம் நீங்கள் ஆடியது ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறும்போதே ஆவியாகிவிடும்.

ஆகவே கேட்கிறேன். வருகிற சித்திரை விடுமுறைக்குள் ஒரே ஒரு ஆட்டம். இடம் இந்த மாவட்டத்தின் சாயலில் இருக்கட்டும், பகடை தாயக்கட்டையாக இருக்கட்டும், வீரனும் எதிரியும் நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் பேசட்டும். மூன்று வாரம் ஆடிச் சரிபாருங்கள். அதில் ஒரு வாரமாவது இங்கிலீஷ் வராத ஒரு தம்பியையும் தாயம் ஆடத் தெரிந்த ஒரு பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு விளங்காத விதியை அடித்துவிடுங்கள். மிஞ்சியதைப் பதினாறு பக்கத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, ஐம்பது பிரதி போடுங்கள். யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று முதல் பக்கத்திலேயே அச்சடியுங்கள். பத்தை உங்கள் பள்ளி நூலகத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் கொடுங்கள். சின்னாளபட்டியிலும் நிலக்கோட்டையிலும் பழனியிலும் உங்களைப் போல ஆடுகிறவர்கள் கையில் மிச்சம் போகட்டும்.

ஜெராக்ஸ் செலவில் பாதி என்னுடையது. விதியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்ல ஒரு மேசையில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள். நான் பொதிக்குதிரையாக வருகிறேன்.

அன்புடன்,
மலைக்கோட்டைக்குக் கிழக்கே குடியிருக்கும் உங்கள் அண்ணன்